அட்டை

பண்டாரவளைக் கிளையில் மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
பத்தாம் தேதி சம்பளக் காசு எடுக்க வருகிறவர்கள்
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள்.
கழற்றச் சொல்லி யாரும் சொன்னதில்லை.
போட்டுக்கொண்டு வரலாம் என்றும்
யாரும் சொன்னதில்லை,
நானும்தான்.

பக்கத்துக் கவுண்டர் சமிலா நல்லவள்.
சோற்றுப் பார்சலில் எனக்கென்று
பொல்சம்பல் கூடக் கட்டிவருவாள்.
வரிசை கதவைத் தாண்டி நீளும்போது மட்டும்
"வத்தே கட்டிய ஆவா" என்பாள் மெதுவாக,
மழை வருகிறது என்பதுபோல.
நானும் குடை தேடுகிறவள்போல
மேசைக்கடியில் குனிந்துகொள்வேன்.

அறை வாடகைக்குத் தந்த மிசிஸ் புவனேந்திரன்
வந்த அன்றே கேட்டார்,
"பிள்ளை எந்த இடம்?"
பாதி இடத்தைச் சொன்னேன்.
மாதக் கடைசியில் மீதியும் தெரிந்தபோது
அவர் முகம் சுளிக்கவில்லை,
கையைப் பிடித்துத் தடவினார்.
"கதைக்கேக்க ஒண்டும் தெரியேல்லையே.
பாத்தாலும் சொல்லேலாது."
பரிசு தருகிற முகம்.
"தாங்ஸ் அன்ரி" என்று வாங்கிக்கொண்டேன்.
இரவு கண்ணாடி முன் நின்று
எது தெரியவில்லை என்று
வெகுநேரம் தேடினேன்.

பெருமாயி வந்தது ஆவணியில்.
மகன் கொழும்பில் ஹோட்டல் வேலை,
காசு போடுவானாம்,
மெஷினில் எடுக்க ஒரு அட்டை வேண்டும்.
படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டம்.
ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா, மேப்பிரிவு
எந்தக் கட்டத்திலும் கால் நீட்ட முடியாமல்
வெளியே வழிந்தது.
கணினி இரண்டு தரம் சிவந்தது.
மூன்றாம் தரம்
தோட்டத்தின் பெயரை வீதி என்று பொய் சொன்னேன்.
உடனே நம்பியது.

ஆறு கிழமையில் அட்டை திரும்பி வந்தது.
உறையின் குறுக்கே ஊதா மையில்
முகவரி போதாது.

எங்களுக்கும் ஒரு உறை வந்தது ஒருகாலத்தில்.
தோட்டத்து ஆபீஸ் மேசையில் பதினெட்டு நாள் கிடந்து
நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது.
அப்பா துரையைத் திட்டவில்லை,
கிளாக்கரைத் திட்டவில்லை,
தபால்காரனையும் திட்டவில்லை.
"வந்துருச்சில்ல" என்றார்.
அந்த ஒரு சொல்லுக்காக
இரண்டு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை நான்.

வாடிக்கையாளர்தான் கிளைக்கு வரவேண்டும், அது விதி.
ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறினேன்.
கடைசி இரண்டு கட்டை நடை.
மழை விட்டிருந்தது, புல் விடவில்லை.

பெருமாயி கையைத் துடைத்துவிட்டு
அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.
"எம் பேரா இது?"
அவள் பேர்தான்,
இங்கிலீஷில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
சொல்லவா வேண்டாமா என்று நான் நிற்கையில்
"மிஸ், கால்ல" என்றாள்.

கணுக்காலில் இன்னொரு அட்டை,
குடித்துக் கொழுத்துத் தொங்கியது.
இரகசிய இலக்கத்தை யாரிடமும் சொல்லாதீங்க,
மகனிடம்கூட, என்று சொல்லிக்கொண்டே
விரலில் எச்சில் தொட்டு
உருட்டிச் சுண்டி எறிந்தேன்.
பேச்சு ஓரிடத்திலும் அறவில்லை.

பெருமாயி என் விரலையே பார்த்தாள்.

"மிஸ்ஸுக்கு எந்த ஊரு?"
"பண்டாரவளை."
என்னைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது,
அதற்கு அது பழக்கம்.

"அப்புடியா" என்றாள்.
உள்ளே போய்க் கேத்தலை அடுப்பில் ஏற்றினாள்.
விறகு ஈரம், புகைந்தது.
என் காலில் ரத்தம் நின்றபாடில்லை,
சின்னக் கோடாய்ச் செருப்புக்குள் இறங்கியது.
ஊதுகுழலை எடுத்து ஒருதரம் ஊதிவிட்டு,
திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்,

"எந்த லயம்?"